தேய வேண்டியது ஷீட்தான்

கணினியில் படம் வரைகிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய பென் டேப்லெட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரங்கள் வாங்கிய அன்று இருந்தபடியே மங்கலாக, லேசான சொரசொரப்போடு இருக்கும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வழவழத்து மின்னும். பேனா அதிகம் ஓடிய இடம் அது. அங்கே வந்ததும் பேனா வழுக்கும். நிறுத்த நினைத்த இடத்தில் கோடு நிற்காமல் கொஞ்சம் தாண்டிப் போய் நிற்கும். அதைச் சரிக்கட்டக் கை தானாகவே அழுத்த ஆரம்பிக்கும். சாயங்காலம் கட்டைவிரல் மூட்டு வலித்தால் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

நான் சிவகாசிக்காரி. பட்டாசுப் பெட்டி லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் வரைவேன். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததில் தொடங்கியது இந்த ஊர்த் தொழிலின் கதை. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்குப் படம் போடுகிற ஆள் வேண்டும். அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறவள் நான். போஸ்டர் கலரும் பிரஷ்ஷும் போய், இப்போது என் மேஜையில் இருப்பது படம் எதுவும் தெரியாத ஒரு கறுப்புப் பலகை. அதன்மேல் பேட்டரி இல்லாத ஒரு பேனாவை ஓட்டினால் எதிரே மானிட்டரில் கோடு விழும். படம் பார்க்கிற டேப்லெட் வேறு, இது வேறு. குழப்பம் வேண்டாம் என்று இந்தக் கட்டுரையில் இதைப் பலகை என்றே சொல்கிறேன்.

பலகை தேயும் என்பது செய்கிறவர்களுக்கும் தெரியும். ஜப்பானின் வாக்கம் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த இன்டுவோஸ் புரோ மாடலில் மேல் ஷீட்டை மாற்றிக்கொள்ளலாம். வழவழப்பானது, நடுத்தரம், சொரசொரப்பானது என மூன்று ரகம் வைத்தார்கள். அதற்கு முன் 2009-இல் வந்த இன்டுவோஸ் 4-இல் காகிதம்போல இருக்கட்டும் என்று மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கியிருந்தார்கள். பேனா முனை சீக்கிரம் தேய்கிறது என்று உலகம் முழுக்க ஓவியர்கள் முணுமுணுத்தார்கள். வழுக்கினாலும் குறை, உரசினாலும் குறை. இந்த இழுபறிக்கு எந்தக் கம்பெனியும் முழுத் தீர்வு கண்டதாகத் தெரியவில்லை, காணவும் முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது விலை குறைந்த சின்னப் பலகைகள். அவற்றில் மேற்பரப்பு தனியாக வராது, உடம்போடு ஒட்டியே இருக்கும். தேய்ந்தால் பலகையே போச்சு என்று நினைத்து இரண்டாவது ஒன்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தோல் உரிந்துவிட்டது, அவ்வளவுதான். தோலை நாமே போட்டுக்கொள்ளலாம்.

எதைப் போட்டாலும் வேலை செய்யுமா? ஏறக்குறைய எதைப் போட்டாலும் செய்யும். காரணம் அந்தப் பேனா வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

பலகைக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செம்புக் கம்பித் தடங்கள் ஓடுகின்றன. அவை ஒரு மின்காந்த அலையை மேலே அனுப்புகின்றன. பேனாவின் கழுத்துக்குள் சின்னக் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் இருக்கும். அலை வந்து தொட்டதும் அந்தச் சுருள் அதே அலைவரிசையில் அதிர்ந்து, வாங்கிய சக்தியிலேயே பதில் அனுப்புகிறது. எந்தத் தடத்தில் பதில் பலமாகக் கேட்கிறதோ அங்கேதான் பேனா இருக்கிறது என்று பலகை கணக்குப் போடுகிறது. பேனாவுக்கு பேட்டரி தேவைப்படாததும் இதனால்தான். இந்தப் பேச்சுவார்த்தை காற்றிலேயே நடக்கிறது, தொடுகை வேண்டாம். பேனாவைப் பலகையிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உயரத்தில் பிடித்தாலும் மானிட்டரில் அம்புக்குறி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர். நூறு தாளைத் தாண்டிப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு தாள் எந்த மூலை?

அழுத்தம் விஷயத்திலும் இதே கதை. அழுத்தினால் கோடு தடிக்கிறதே, அந்த அழுத்தத்தைப் பலகை அளப்பதில்லை. பேனாவின் முனை உள்ளே அமுங்கும்போது பேனாவுக்குள்தான் அது அளக்கப்படுகிறது. ஆகவே நடுவில் ஷீட் வைத்தால் கோட்டின் தடிமன் குறையுமோ என்ற பயம் வேண்டாம். மெத்தென்ற பொருளை வைத்தால் மட்டும் தொல்லை. ரெக்சின், ஃபெல்ட் துணி, மவுஸ் பேட் போன்றவற்றில் முனை புதையும். கோடு தொடங்குவது தாமதமாகத் தெரியும், கை சோர்ந்துவிடும்.

விதிவிலக்கு உலோகம். எங்கள் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே கையை நீட்டினால் மாட்டுவது ஃபாயில்தான். தங்க நிற ஃபாயில் அடித்த கல்யாண அட்டை, வெள்ளியாய் மின்னும் மெட்டலைஸ்டு ஷீட், சாக்லெட் சுற்றும் அலுமினியத் தாள் எல்லாம் அலையைக் கெடுக்கக்கூடும். பேனா தடுமாறலாம், அல்லது செத்தே போகலாம். ஷீட்டைப் பிடிக்கப் பலகை விளிம்பில் இரும்பு கிளிப் மாட்டுவதும் கூடாது. காந்த மூடி வைத்த செல்போன் உறையைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கோடு நடுங்குகிறது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்களும் உண்டு.

பலகைமேல் தாள் விரிப்பது புதிய தந்திரமும் இல்லை. இந்தக் கருவிகளின் மூதாதை 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பிறந்தது. பத்து அங்குலச் சதுரத்தில் பத்து லட்சம் புள்ளிகளுக்கு மேல் பிரித்தறியக்கூடிய பலகை. பின்னால் வந்த பெரிய டிஜிட்டைசர் மேஜைகளில் வரைபடத்தையும் கட்டட பிளானையும் விரித்து ஒட்டி, அதன் மேலேயே கருவியை நகர்த்திக் கணினிக்குள் ஏற்றினார்கள். ஆட்டோகேட் ஓட்டியவர்கள் கட்டளைகள் அச்சிட்ட ஒரு ஷீட்டைப் பலகைமேல் ஒட்டி, கட்டத்தைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தார்கள். வாக்கத்தின் பழைய கிராஃபையர் மாடல்களில் மேலே கண்ணாடிபோல ஒரு மூடி இருந்தது. படத்தை அதன் அடியில் செருகிவிட்டு மேலே பேனாவால் படியெடுக்கலாம். தாள் விரிக்கத்தான் பலகையே பிறந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

இனி எதை விரிப்பது என்பதற்கு வருவோம். இதில் முதலில் பேனா முனையைப் பற்றிப் பேசாமல் ஷீட்டைப் பற்றிப் பேசக் கூடாது.

நிப் என்று நாங்கள் சொல்லும் அந்த முனை, பெரும்பாலும் பாலியாக்சிமெத்திலீன் என்ற கடினமான பிளாஸ்டிக். பல் சக்கரம், ஜிப் பல் எல்லாம் செய்கிற ரகம். அதைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது முனை உருண்டையாக இருக்கும். கொஞ்ச காலம் ஓடியதும் நீங்கள் பேனாவைப் பிடிக்கிற சாய்வுக்கு ஏற்ப ஒரு பக்கம் தட்டையாகச் சீவினாற்போல் ஆகிவிடும். தட்டைப் பரப்பு முடிகிற இடத்தில் உளிபோல ஓர் ஓரம் உருவாகும். விரல் நகத்தில் அதை இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். அந்த ஓரம்தான் பலகையைக் கீறுகிறது. பேனாவை வழக்கத்துக்கு மாறாகப் பிடிக்கும் ஒரு கணத்தில் ஓரம் கீழே பட்டு, தடம் போட்டுவிடும். பிறகு ஒவ்வொரு கோடும் அந்தத் தடத்தில் விழுந்து எழும்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. நிப்பைப் பிடுங்கி அரைச் சுற்றுத் திருப்பிச் செருகுங்கள். தட்டைப் பக்கம் மேலே போய், புதுப் பக்கம் கீழே வரும். வெளியே தெரியும் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பேனா ஸ்டாண்டைத் திருகித் திறந்தால் உள்ளே மாற்று நிப்புகள் இருக்கும் மாடல்கள் பல. வருஷக்கணக்காக வைத்திருந்தும் அதைத் திறந்தே பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இரண்டு பொருள் உரசினால் ஏதாவது ஒன்று தேய்ந்தாக வேண்டும். ஷீட் கடினமானால் நிப் தேயும். ஷீட் மென்மையானால் ஷீட் தேயும். எதுவும் தேயாமல் இருக்க வேண்டுமானால் உரசலே இருக்கக் கூடாது. உரசல் இல்லையென்றால் வழுக்கும். எந்தக் கம்பெனியாலும் முழுத் தீர்வு தர முடியாது என்று மேலே சொன்னது இதனால்தான். எது தேயட்டும் என்று முடிவு செய்கிற உரிமை மட்டும் நமக்கு உண்டு. பலகை தேயக் கூடாது. நிப் காசு கொடுத்தால்தான் வரும், சில மாடல்களுக்குக் காசு கொடுத்தாலும் சுலபத்தில் வராது. அப்படியானால் தேய வேண்டியது ஷீட்தான். அதுவும் மலிவான ஷீட்டாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

எல்லோரும் முதலில் போவது வெள்ளைத் தாளுக்கு. நல்ல தாள்தான். பென்சிலில் பழகிய கை அதில் பட்டதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆனால் ஜெராக்ஸ் தாள் என்பது வெறும் நார் இல்லை. வெண்மைக்கும் வழவழப்புக்கும் கால்சியம் கார்பனேட் போன்ற கனிமத் தூளை நிரப்பியிருப்பார்கள். சுண்ணாம்புக்கல்லும் அதே சரக்குதான். பிளாஸ்டிக் நிப்புக்கு அது நைஸான உப்புத்தாள். ஒரு லேபிளுக்கு முடி, இறகு, புல் என்று நுணுக்கு வேலை செய்து முடிப்பதற்குள் நிப் சீவிவிடும். இன்னொன்று, உள்ளங்கை வேர்வை. தாள் ஈரம் குடித்து உப்பும், நடுவில் தூக்கிக்கொள்ளும். ஃபேன் காற்றில் படபடக்கும். ட்ரேசிங் பேப்பர் இன்னும் மோசம், லேசான ஈரத்துக்கே சுருண்டுகொள்ளும். ஆர்ட் அட்டை கொஞ்ச நேரம் ஜோராக இருந்துவிட்டு, மேல் பூச்சு மெழுகியதுபோல் மின்ன ஆரம்பித்துவிடும். தாளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், குடித்தனம் நடத்த முடியாது.

அடுத்தது டிராஃப்டிங் ஃபிலிம். கட்டட வரைபடம் போடுகிறவர்கள் பயன்படுத்தும், பால் நிறத்தில் மங்கலாகத் தெரியும் பாலியஸ்டர் ஷீட். கிழியாது, ஈரத்துக்கு அசையாது, பலகையில் அப்படியே படிந்து படுக்கும். பேனா பட்டால் கிடைக்கும் பிடிமானம் இருக்கிறதே, நான் தொட்டவற்றிலேயே உயர்ந்தது அதுதான். மெல்லிய ஒரு ‘சர்’ சத்தத்தோடு கோடு நினைத்த இடத்தில் நிற்கும். ஆனால் அந்தப் பிடிமானம் சும்மா வருவதில்லை. பாலியஸ்டர் மேல் மை பிடிப்பதற்காக, சிலிக்கா போன்ற கடினத் துகள் கலந்த மேட் பூச்சு பூசியிருப்பார்கள். மை ஊற்றி வரையும் டெக்னிக்கல் பேனாக்கள் இருந்த காலத்தில், இந்த ஃபிலிமில் வரைந்தால் எஃகு முனையே தேய்ந்துவிடுகிறது என்று டங்ஸ்டன் கார்பைடிலும் மணிக்கல்லிலும் தனி முனை செய்து விற்றார்கள். எஃகுக்கே அந்தக் கதி என்றால் பிளாஸ்டிக் நிப் எம்மாத்திரம்? நிப் நிறைய வைத்திருக்கிறவர்கள் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் கண்காட்சிக்கு வரைகிற படத்துக்கு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஓஹெச்பி ஷீட் நேர் எதிர். பளிங்குபோல இருக்கும், நிப் தேயாது, பலகையையும் காக்கும். ஆனால் வழுக்கும். பலகைக்குக் கவசம் மட்டும் போதும், பிடிமானம் வேண்டாம் என்பவர்களுக்குப் பரவாயில்லை. ஃபோட்டோவைச் சுத்தம் செய்கிறவர்கள், எழுத்து அடுக்குகிறவர்கள் சிலர் இதைத்தான் விரும்புகிறார்கள். நீளமான வளைகோட்டை ஒரே இழுப்பில் போட வழவழப்பு உதவும் என்பதும் உண்மை. காலண்டர் அட்டையின் ஓர வேலைப்பாடு செய்யும்போது நானே வழவழப்பான ஷீட்டைத்தான் விரிப்பேன்.

ஸ்டேஷனரி கடையில் எல் ஃபோல்டர் என்று கேட்டால் ஒரு கவர் தருவார்கள். இரண்டு பக்கம் ஒட்டி, இரண்டு பக்கம் திறந்து, சர்டிபிகேட் வைத்து இன்டர்வியூவுக்குக் கொண்டுபோகிற கவர். அதில் பளபளப்பானது ஒரு ரகம், மங்கலான பொடிப்புள்ளி போட்டது இன்னொரு ரகம். இரண்டாவதை வாங்கி, ஒட்டிய விளிம்புகளை வெட்டிவிட்டால் ஏ4 அளவில் இரண்டு ஷீட். பாலிபுரொப்பிலீன் என்பதால் நிப்பைவிட மென்மை. நிப் நீண்ட நாள் வரும், ஷீட் மெதுவாக வழவழக்கும், தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று விரிக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள், கடை கண்ணி தெரியாதவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மூலைக்கு மூலை கிடைக்கும் பொருள்.

எனக்குப் பிடித்தது வேறு. அது ஃபிளெக்ஸ் கடையில் கிடைக்கிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடை. போர்டு, வண்டி ஸ்டிக்கர், பிறந்தநாள் பேனர் எல்லாம் அடிக்கிறார்கள். வினைல் பிரிண்டின்மேல் கோல்டு லேமினேஷன் ஒட்டுவார்கள். சூடு இல்லாமல், பசை உள்ள பிவிசி ஃபிலிமை உருளையில் அழுத்தி ஒட்டுகிற முறை. கிளாஸி, மேட் இரண்டும் உண்டு. அங்கே வேலை செய்கிற தம்பியிடம் கேட்டேன்.

“தம்பி, மேட்ல ஒரு ஏ4 அளவுக்குக் கட் பீஸ் இருந்தா குடு.”

“என்னக்கா, காலண்டர் மாடலுக்கா?”

“இல்லப்பா, நான் வரையுற பலகைக்கு.”

“போனுக்கு ஒட்டுற மாதிரியா?”

“அதே மாதிரிதான். ஆனா கண்ணாடி கணக்கா இருக்கக் கூடாது, பேனா பிடிக்கணும்.”

அவன் ரோலைப் பிரித்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தான். பிறகு யோசித்துவிட்டு இன்னொரு ரோலைக் காட்டினான். “இது தரைல ஒட்டுற ஸ்டிக்கருக்குப் போடுறதுக்கா. கால் வழுக்கக் கூடாதுன்னு மணல் மாதிரி இருக்கும். இதையும் பாருங்க.”

இரண்டையும் வாங்கி வந்து பார்த்தேன். தரைக்கு ஒட்டும் ரகம் பேனாவுக்கு முரடு. புள்ளிகள் பெரிசு, கோடு போட்டால் தடதடவென்று குலுங்குகிறது. சாதா மேட் அருமை. ஃபிலிம் மெல்லியது, மென்மையானது. நிப்பின் கீழ் கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கிக் கொடுக்கிறது. பிடிமானம் வருவது அந்தச் சின்ன அமுக்கத்தால்தான், சொரசொரப்பால் அல்ல. அதனால்தான் நிப் தேய்வதும் குறைவு. பேனா ஓடி ஓடி ஃபிலிம் நடுவில் மின்ன ஆரம்பிக்கும். அப்போது உரித்துவிட்டு வேறு துண்டு. கட் பீஸுக்கு அந்தத் தம்பி காசு வாங்க மாட்டான். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பான்.

இதைப் பலகைமேல் நேரடியாக ஒட்டக் கூடாது. பசை நம் ஊர் வெயிலுக்கு இளகி ஓரத்தில் கசியும், தூசி அதில் அப்பிக் கறுப்பு விளிம்பு கட்டும். உரிக்கும்போது பசை பலகையோடு தங்கிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மென்மையான பிவிசியில் அதை வளையச் செய்வதற்காக ஓர் எண்ணெய்ப் பொருள் கலந்திருப்பார்கள். பல மாதம் ஒட்டிக் கிடந்தால் அது மெல்லக் கசிந்து வேறு பிளாஸ்டிக்குக்குள் இறங்கும். பலகையின் மேல்பகுதி பிசுபிசுத்துப் போகலாம். ஆகவே ஓஹெச்பி ஷீட் ஒன்றை எடுத்து, அதன்மேல் லேமினேஷன் ஃபிலிமை ஒட்டுங்கள். ஓஹெச்பி ஷீட்டின் பாலியஸ்டர் அந்தக் கசிவைத் தடுக்கும். ஷீட்டுக்கும் ஒரு விறைப்பு வரும், சுருளாது. ஒட்டும்போது ஓர் ஓரத்தில் மட்டும் பசைத் தாளை உரித்து, ஸ்கேலால் நீவிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உரித்துப் போக வேண்டும். மொத்தத்தையும் உரித்துவிட்டு மேலிருந்து போட்டால் குமிழ் நிச்சயம். குமிழ் உள்ள இடத்தில் கோடு ஒரு சின்னத் துள்ளல் துள்ளும்.

சூட்டில் ஒட்டும் மேட் லேமினேஷனும் எங்கள் ஊரில் உண்டு. புத்தக அட்டைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் போடுவது. தடவினால் பட்டுப்போல இருக்கும். அந்தப் பட்டுத்தனம்தான் அதன் பலவீனம். நகம் பட்டாலே தடம் விழுகிற ஃபிலிம் அது. நிப் கீழே ஒரு வாரம் தாங்காது.

ஷீட் தயார். பொருத்துவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரையும் பகுதியைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல்கடை பெரிதாக வெட்டுங்கள். அப்போதுதான் வெட்டு விளிம்பில் நிப் இடறாது. பட்டன்களை மூட வேண்டாம். மூலைகளை வட்டமாகக் கத்தரியுங்கள், கூர் மூலைதான் முதலில் தூக்கும். மேல் விளிம்பில் மட்டும் மாஸ்கிங் டேப் போட்டால் போதும். கீழே திறந்திருந்தால் ஷீட்டைத் தூக்கி அடியில் படம் செருகிப் படியெடுக்கலாம், தூசியும் தட்டலாம். செல்லோ டேப் வேண்டாம், சித்திரை மாதத்தில் அது பசையாக உருகிப் பழுப்பேறி நிற்கும். ஏற்கெனவே பசை ஒட்டியிருந்தால் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பலகையின் உடம்பையே கரைத்துவிடும், கிட்டே கொண்டுபோகக் கூடாது.

தூசி தனியாகச் சொல்ல வேண்டிய விரோதி. சிவகாசி வறண்ட பூமி, அந்த வறட்சியை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே காய்ந்தன. காற்றில் எப்போதும் புழுதி. பொடி மணல் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு கடினம். ஒரு துகள் நிப்பின் அடியில் பதிந்துவிட்டால் போடுகிற கோடெல்லாம் கீறல்தான். பலகைகள் சாவதில் பாதிப் பழி நிப்புக்குப் போகிறது, உண்மையில் குற்றவாளி மணல். வேலை தொடங்கும் முன் லேசாக ஈரத் துணியால் ஒரு துடைப்பு, உள்ளங்கைக்கு அடியில் இரண்டு விரல் கையுறை அல்லது ஒரு கைக்குட்டை. இதைச் செய்தாலே எந்த ஷீட்டும் இரண்டு மடங்கு உழைக்கும்.

படம் தெரிகிற திரைமேலேயே வரைகிறவர்களுக்கு இந்தச் சமையல் குறிப்பு பொருந்தாது. திரைமேல் மங்கலான எதை ஒட்டினாலும் நிறம் வெளிறும், வெள்ளைப் பகுதியில் பொடிப்பொடியாக மினுக்கம் தெரியும். ஐபேடில் கை விரலையும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் தடித்த ஷீட் ஆகாது. காகித உணர்வு தரும் மேட் ஃபிலிம்கள் அதற்கென்றே தனியாக விற்கின்றன. அவற்றிலும் பென்சில் முனை தேயும் கணக்கு மாறாது. கறுப்புப் பலகையிலும் விரல் தொடு வசதி உள்ள மாடல் வைத்திருப்பவர்கள், ஷீட் போட்டபின் அந்த வசதி மந்தமாகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன், உள்ளங்கை பட்டாலே படம் ஓடிவிடுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, புதிதாகப் பலகை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அழுத்த நிலை 8192 என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். மேல் ஷீட்டைக் கழற்றி மாற்றலாமா? இந்தப் பேனாவுக்கு நிப் தனியாகக் கிடைக்குமா? முதல் கேள்விக்கு இல்லை என்றால் கவலையில்லாமல் வாங்கலாம், ஷீட்டை நாம் பார்த்துக்கொள்வோம். இரண்டாவதற்கு இல்லை என்றால் அந்த மாடலை வைத்துவிட்டு வேறு பாருங்கள்.